தீர்மானம் இல்லாத தெரு

(அலங்காநல்லூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘உள்ளாட்சி நிதியும் ஊரின் நடுத்தெருவும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் நகரமைப்பு வல்லுநர் அல்லன். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரூராட்சி அலுவலகங்களின் பின்னறைகளில் உட்கார்ந்து வவுச்சரையும் அளவுப் புத்தகத்தையும் புரட்டியதுதான் என் படிப்பு. ஆகவே இன்று நீங்கள் கேட்கப்போவது ஒரு தணிக்கைக்காரனின் பேச்சு. அழகைப் பற்றிக் கொஞ்சம் இருக்கும், கணக்கைப் பற்றி நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரின் நடுத்தெருவைப் புதுப்பிக்கிறார்கள் என்று நாளிதழில் செய்தி வந்தால், தலைப்பிலேயே கோடிக்கணக்கு வந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்ததும் நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம். ‘ஒரு தெருவுக்கு இவ்வளவு காசா?’ என்பது ஒரு கட்சி. ‘இப்போதாவது வந்ததே’ என்பது இன்னொரு கட்சி. இந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. இந்தச் செலவுக்கு எந்தக் கூட்டத்தில், எந்தத் தீர்மானத்தின்படி ஊர் சம்மதம் கொடுத்தது? தணிக்கையில் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். பட்டியலும் ரசீதும் பிறகு. தீர்மானப் புத்தகத்தை எடுங்கள் என்போம். பக்கம் இருந்தால் மேலே போகலாம். இல்லாவிட்டால், வேலை எவ்வளவு சுத்தமாக நடந்திருந்தாலும் அது தணிக்கைத் தடைதான்.

நான் சொல்ல வந்தது இவ்வளவே: ஒரு தெரு எந்த அறையில் முடிவாகிறதோ, யார் காசில் போடப்படுகிறதோ, அவர்கள் சொல்லைத்தான் பிறகும் கேட்கும். ஊர் மன்றத்தின் தீர்மானமும் ஊர் மன்றத்தின் காசும் கொஞ்சமாவது சேராமல் போடப்பட்ட தெரு, திறப்பு விழா அன்று பளபளக்கும். மூன்றாம் வருடம் அதற்குக் கேட்பாரில்லாமல் போகும். இதற்குச் சாட்சி தேட வெகுதூரம் போகவேண்டாம். மதுரை மாசி வீதிக்குப் போய்விட்டு, உங்கள் வாடிவாசல் தெருவுக்கே திரும்பி வந்தால் போதும்.

கூட்டத்தைத் திருப்பிய அரசர், மதிலை இடித்த கலெக்டர்

மதுரையின் தெருக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக, சாமி புறப்பாட்டுக்காகவே போட்ட தெருக்கள். இந்த அமைப்புக்கு விசுவநாத நாயக்கர் காலத்தில் வடிவம் கிடைத்தது என்பார்கள்.

அதில் ஒரு புதிர் உண்டு. சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை, மாசி வீதியில் ஓடுகிறது. முன்பு மாசி மாதத்தில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். அதே கையோடு, இந்த அலங்காநல்லூர் பக்கமாக வந்து தேனூரில் ஆற்றில் இறங்கிய கள்ளழகரையும் அவர் மதுரைக்குத் திருப்பினார் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கொஞ்சம் மனக்குறையோடுதான் சொல்கிறார்கள்.

வழக்காறு என்றே வைத்துக்கொள்வோம். அதற்குள் ஒரு பொருளாதாரப் பாடம் இருக்கிறது. தெருவை வளர்ப்பது அதன் மேல் வருகிற கூட்டம். கூட்டம் எந்த வழியாக வரவேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் ஒரு தெருவைக் கடைவீதியாக்கும், இன்னொரு தெருவை வெறும் வழித்தடமாக்கும். அரசர் காலத்தில் அந்த முடிவை யாரும் கேள்வி கேட்க முடியாது. திருப்பினார், திரும்பியது.

இருநூறு வருடம் கழித்து வந்தவர் ஜான் பிளாக்பர்ன். 1834 முதல் 1847 வரை மதுரையின் கலெக்டர். அப்போது ஊர் கோட்டை மதிலுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது. அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. காய்ச்சலுக்கு அதையே காரணமாகச் சொன்னார்கள். மதிலை இடித்து அகழியைத் தூர்த்தால் ஊர் மூச்சுவிடும். ஆனால் பணத்துக்கு எங்கே போவது? பிளாக்பர்ன் கண்ட வழி, மதிலை இடித்து அகழியை மூடுபவர்களுக்கு அந்த நிலத்திலேயே பங்கு என்பது. உழைப்பைப் போட்டவனுக்கு மனை கிடைத்தது. கருவூலத்திலிருந்து பெருந்தொகை எடுக்காமலே மதுரைக்குப் புதிய வீதிகள் கிடைத்தன. வேலையை முன்னின்று நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரும், அளவைப் பணியில் இருந்த மாரட்டின் பெயரும் இன்றும் அந்த வீதிகளுக்கு இருக்கின்றன. கலெக்டருக்கு நன்றியாக ஊரார் நட்ட விளக்குத்தூண் கீழமாசி வீதிப் பக்கம் நிற்கிறது. நகரப் பேருந்தில் அந்த நிறுத்தத்தில் இறங்காத மதுரைக்காரர் குறைவு.

தணிக்கைக்காரனாக இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் ஒரு கவலையும் உண்டு. செலவையும் பயனையும் ஒரே ஆள் தலையில் வைத்தார் பிளாக்பர்ன், அது மகிழ்ச்சி. மண் சுமந்தவனுக்கு அந்தத் தெருவின் மேல் அக்கறை தானாக வந்திருக்கும். ஆனால் பொது நிலம் இப்படித் தனியார் கைக்குப் போனால் அடுத்த தலைமுறைக்குப் பொதுவென்று என்ன மிஞ்சும்? அது கவலை. அதைக் கேட்க அன்றைக்கு மன்றம் இல்லை. மதுரைக்கு நகராட்சி வந்ததே 1866 நவம்பர் 1-இல். மாநகராட்சியானது 1971 மே 1-இல்.

மன்றம் இல்லாத ஐந்தாண்டு

இப்போது நம் காலத்துக்கு வருவோம். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25-இல் தொடங்கியது. 2016 செப்டம்பரில் வெளியான பட்டியலில் மதுரை இடம்பெற்றது. ஒவ்வொரு நகரத்துக்கும் ஐந்தாண்டில் மத்திய அரசு 500 கோடி ரூபாய் தரும், மாநிலமும் உள்ளாட்சியும் சேர்ந்து அதே அளவு போடவேண்டும் என்பது ஏற்பாடு. மதுரையில் இதற்குத் தேர்ந்தெடுத்த பகுதி மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய பழைய நகரம். சித்திரை வீதிகளில் கல் பாவும் வேலையும், மாசி வீதிகளைச் சீரமைக்கும் வேலையும், பெரியார் பேருந்து நிலையமும் இதில் வந்தவை.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 2016 செப்டம்பரில் நகரம் தேர்வாகிறது. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிகிறது. அந்த மாதம் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்கிறது. அதற்குப் பிறகு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். மார்ச் 2-இல்தான் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் மதுரையில் மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. ஆணையரே தனி அலுவலர். மன்றம் நிறைவேற்றவேண்டிய தீர்மானங்களில் அவர் ஒருவரே கையெழுத்திட்டார்.

மதுரையின் நடுத்தெருக்கள் தலைமுறைக்கு ஒருமுறை நடக்கிற அளவில் மாறிய காலமும் இதே காலம்தான்.

இது யாரோ ஒருவர் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் திட்டத்தின் கட்டமைப்பும் அதே திசையில்தான் இருந்தது. வேலைகளைச் செய்யத் தனி நிறுவனம் ஒன்று வேண்டும், மன்றத்தின் உரிமைகளையும் அதிகாரங்களையும் அந்த நிறுவனத்துக்கும் அதன் தலைமை அதிகாரிக்கும் ஒப்படைக்கலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளே சொல்லின. மன்றம் இருந்திருந்தாலும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கும். மதுரையில் உட்காரவே ஆளில்லை.

1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் இதற்கு நேர்மாறான எண்ணத்தோடு வந்தது. அதன் பன்னிரண்டாம் அட்டவணை நகர உள்ளாட்சிக்கு உரியவை என்று 18 பணிகளை வரிசைப்படுத்துகிறது. சாலை அதில் இருக்கிறது. தெருவிளக்கு, வாகன நிறுத்தம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. நடந்ததையும் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர் ஓடும் தெருவில் யாரைக் கேட்கவேண்டும்?

மன்றம் இல்லாவிட்டால் என்ன, பொறியாளர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். பொறியாளருக்குத் தெரியாத சில விஷயங்கள் மாசி வீதியில் இருக்கின்றன.

முதலாவது தேர். சுவாமி தேரும் அம்மன் தேரும் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வருகின்றன. நடைபாதையின் விளிம்பு எங்கே நிற்கலாம் என்பதை அங்கே தேர்தான் முடிவுசெய்கிறது. தேர் திரும்பும் மூலையில் எவ்வளவு இடம் வேண்டும், முட்டுக்கட்டை போடுபவர் எந்தப் பக்கமாக ஓடி ஒதுங்குவார், வடம் பிடிக்கும் கூட்டம் எங்கே அகலும் என்பதெல்லாம் வரைபடத்தில் இல்லை, அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்பவர்கள் கையில் இருக்கிறது. தலைக்கு மேல் மின்கம்பி போகிற தெருவில் தேரன்று மின்சாரத்தை நிறுத்தியாகவேண்டும். கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோவது நல்ல யோசனை என்று சொல்லத் தேர்க்காரருக்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை.

இரண்டாவது சரக்கு. கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்தின் தெரு. மூட்டை இறங்குகிற நேரம், லாரி நிற்கிற மூலை, சுமைதூக்கும் தொழிலாளி மூச்சுவாங்க நிற்கிற திண்ணை, தள்ளுவண்டி ஏறவேண்டிய சரிவு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தெரு. நடைபாதையை ஆறு அங்குலம் உயர்த்தினால் நடப்பவருக்குப் பாதுகாப்பு. நூறு கிலோ சுமையோடு அதில் ஏறுபவருக்கு அது நாள் முழுக்க முழங்கால் வலி. இரண்டையும் சமன்செய்யலாம், வழி இருக்கிறது. ஆனால் அவரைக் கூப்பிட்டுக் கேட்டால்தான் அவர் இருப்பதே தெரியும்.

மூன்றாவது வாசற்படி. பழைய தெருக்களில் தார்மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எழுத்திலேயே அறிவுறுத்தினார். ஆனால் சுரண்டுகிற வேலை வெளியே தெரியாது, செலவு தெரியும். ஒப்பந்ததாரருக்கு அது தொல்லை. அளவுப் புத்தகத்தில் ‘சுரண்டப்பட்டது’ என்று எழுதியிருக்கும். வாசற்படியை விட்டுத் தெரு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று முன்னும் பின்னும் அளந்து எழுதியிருக்காது. எழுதச் சொல்லி அந்த வீட்டு அம்மா கேட்டால்தான் உண்டு. கேட்பதற்கு அவருக்கு ஒரு கவுன்சிலர் வேண்டும்.

நான்காவது பூமிக்கடி. மதுரையில் முல்லைப்பெரியாறு குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தெருக்களைத் தோண்டியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாக்கடை, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாம் முடிந்த பிறகுதான் மேல்தளம் வரவேண்டும். ஐந்துக்கும் ஐந்து துறை, ஐந்து நிதித் தலைப்பு, ஐந்து நிதியாண்டு. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, பணம் திரும்பிப் போய்விடுமே என்று மேல்தளம் முந்திக்கொள்கிறது. மே மாதம் குழாய்க்காரர் கடப்பாரையோடு வருகிறார். இந்த வரிசையைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் அதிகாரம் எந்தத் துறைக்கும் கிடையாது. எல்லாத் துறையையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிற தகுதி, ஊர் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குத்தான் இயல்பாக இருக்கிறது.

பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து, 1915-இல் மதுரையைப் பற்றியும் அறிக்கை எழுதினார். நகரமைப்புக் கலையின் முன்னோடி என்று உலகம் மதிக்கிற மனிதர். அவருடைய முறை எளிது. முதலில் தெருத்தெருவாக நடந்து பார்ப்பது. பிறகு, இடித்துத் தள்ளாமல், எவ்வளவு குறைவாகக் கைவைத்தால் தெரு சுகப்படும் என்று யோசிப்பது. நூறு வருடத்துக்கு மேலாகியும் நம் திட்டங்கள் மதிப்பீட்டில் தொடங்கித்தான் தெருவுக்கு வருகின்றன.

பாண்டி பஜாரும் ஒரு டென்மார்க் தெருவும்

தமிழ்நாட்டிலேயே வேறொரு விதமாக நடந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் 2019 நவம்பர் 13-இல் திறக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 40 கோடி ரூபாய். அதுவும் ஸ்மார்ட் சிட்டி வேலைதான். அப்போது சென்னையிலும் மன்றம் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். 2014-இல், தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தபோதே, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை அவர்களுக்காகச் செலவிடவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நடைபாதைக் கடைக்காரர்களுக்கு அதே சாலையில் மாநகராட்சி கட்டிய வணிக வளாகம் அதற்கும் முன்பே, 2013-இல், வந்துவிட்டது. வாகனத்தை நிறுத்த இடமில்லை, வியாபாரம் போய்விடும் என்ற புலம்பல் அங்கேயும் இருந்தது. இருந்தாலும் அந்தத் தெருவுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்ததால் எல்லாத் தரப்பும் வாதாட ஒரு தாளாவது கிடைத்தது. கொள்கை முழுசாக நிறைவேறியதா என்பது வேறு பேச்சு. எழுதிவைத்திருப்பதால் கேட்க முடிகிறது.

இன்னும் தூரமாகப் பார்க்கவேண்டுமானால் கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயட் தெரு. 1962 நவம்பரில் அங்கே வாகனங்களை நிறுத்தினார்கள். நிரந்தரமாக அல்ல, சோதனையாக. குளிர் நாட்டில் யார் நடந்து வந்து சாமான் வாங்குவார்கள் என்று கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கூட்டம் வந்தது. 1964-இல் ஏற்பாடு நிரந்தரமானது. இன்று உலகின் பெயர்பெற்ற நடைத்தெருக்களில் அது ஒன்று. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது வரிசை: முதலில் கயிறு கட்டிப் பார்த்தல், பிறகு தீர்மானம், கடைசியில் கல். நாமோ கல்லில் தொடங்குகிறோம். கல்லைப் பிடுங்குவது கஷ்டம், அதனால் தப்பு என்று தெரிந்த பிறகும் வைத்துக்கொள்கிறோம்.

ஒரு நாளும் 364 நாளும்

இப்போது உங்கள் தெருவுக்கு வருகிறேன். தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் வாடிவாசலை உலகமே பார்க்கிறது. அதற்காகக் கேலரி எழும்புகிறது, இரட்டைத் தடுப்பு கட்டப்படுகிறது, களத்தில் தென்னை நார் பரப்பப்படுகிறது, கலெக்டர் வந்து பார்க்கிறார், குடிநீர்த் தொட்டியும் தற்காலிகக் கழிப்பறையும் வருகின்றன. விழா முடிந்ததும் கேலரி பிரிக்கப்படுகிறது. மறுநாள் காலையில் அதே தெருவில் பாலமேடு பேருந்து போகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள், பூக்காரம்மா கூடையை இறக்குகிறார், கரும்பு ஏற்றிய டிராக்டர் போகிறது. பணமும் கவனமும் வருவது அந்த ஒரு நாளுக்கு. தெரு உழைப்பது 364 நாளும்.

பக்கத்திலேயே கீழக்கரையில், ஏறக்குறைய 66 ஏக்கரில், 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து அரசு கட்டிய கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24-இல் திறக்கப்பட்டது. பெரிய அரங்கம், வசதியான இருக்கைகள். அரங்கம் வந்தபோது, தை மாத ஜல்லிக்கட்டும் அங்கே போய்விடுமோ என்று இந்தத் தெரு கவலைப்பட்டது. அழகரைத் திருப்பியதுபோல் காளையையும் திருப்பிவிடுவார்களோ என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். திருப்பவில்லை. தை ஜல்லிக்கட்டு இன்றும் முனியாண்டி கோயில் வாடிவாசலில்தான் நடக்கிறது. அரங்கத்தில் நடப்பவை தனிப் போட்டிகள்.

ஏன் திருப்ப முடியவில்லை? இந்தத் தெருவுக்குத் தன் விருப்பத்தைச் சொல்லிப் பழக்கம் உண்டு. 2017 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். அப்போது இந்தப் பேரூராட்சியிலும் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து 16-ஆம் தேதி இந்தத் தெருவில் உட்கார்ந்தவர்களைப் பார்த்துத்தான் சென்னை மெரினா எழுந்தது. 22-ஆம் தேதி அவசரச் சட்டத்தோடு ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைக்க மதுரை வரை வந்த முதலமைச்சர், ‘நிரந்தரச் சட்டம் வேண்டும்’ என்று நீங்கள் வழியை மறித்து உட்கார்ந்ததால் இங்கே வராமலே திரும்பினார். பிறகு பிப்ரவரி 10-இல், நீங்கள் ஒப்புக்கொண்ட நாளில், வாடிவாசல் திறந்தது. மன்றம் இல்லாத காலத்தில் தெருவே மன்றமாக உட்கார்ந்தது.

அது பெருமைதான். ஆனால் ஒவ்வொரு காரியத்துக்கும் ஊர் தெருவில் உட்கார முடியாது. வடிகால் மட்டத்துக்காக யார் மறியல் செய்வார்கள்? தெருவிளக்கின் மின்கட்டணத்துக்கு எந்தக் கல்லூரி மாணவன் வருவான்? இந்தச் சின்னச் சின்ன முடிவுகளுக்குத்தான் மன்றம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம். காளைக்காகக் காட்டிய பிடிவாதத்தில் பத்தில் ஒரு பங்கைச் சாக்கடைக்காகவும் காட்டினால் இந்தத் தெரு சீராகிவிடும்.

கல்வெட்டு இல்லாத செலவு

பேரூராட்சியில் காசு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், இவ்வளவுதான் பெட்டி. சம்பளமும் மின்கட்டணமும் குப்பை அள்ளும் செலவும் போக மிச்சம் சொற்பம். தெருவைப் புதுப்பிக்கும் பெரிய தொகை மேலேயிருந்துதான் வரும். அதை வேண்டாமென்று சொல்லும் மன்றம் கிடையாது, சொல்லவும் கூடாது.

ஆனால் மேலேயிருந்து வருவது பெரும்பாலும் மூலதனச் செலவுக்கான பணம். அதற்குத் திறப்பு விழா உண்டு, பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்குக் கல்வெட்டு கிடையாது. உடைந்த கல்லை மாற்ற, அடைத்த வடிகாலை வார, எரியாத விளக்கைப் பார்க்க யார் காசு தருவார்கள்? ஊர்தான். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு கோடி ரூபாயில் தெரு போட்டு, ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு பராமரிப்புக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டு லட்சம். அந்த இரண்டு லட்சத்துக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி இல்லாத ஊரில், ஒரு கோடி ரூபாய்த் தெரு வந்த அன்றே பழசாகத் தொடங்கிவிடுகிறது. ஒரு பேரூராட்சியில் நான் பார்த்த கோப்பில், புதுத் தெருவுக்கு ஏழு துறைகளின் கையெழுத்து இருந்தது. அடுத்த வருடம் அதன் விளக்குகளுக்கு யார் பொறுப்பு என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் இல்லை.

மக்கள் பங்கு மூன்றில் ஒன்று போட்டால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டம் உங்களுக்குத் தெரியும். அந்த மூன்றில் ஒரு பங்கின் உண்மையான மதிப்பு ரூபாயில் இல்லை. காசு போட்டவர் வேலை நடக்கிற இடத்துக்கு வந்து நிற்பார். சிமெண்ட் மூட்டையை எண்ணுவார். எங்கள் துறை ஆறு மாதம் கழித்து வந்து கண்டுபிடிக்கிற குறையை அவர் அன்றே பிடித்துவிடுவார்.

மன்றத்தின் முன் சில வேண்டுகோள்கள்

மன்ற உறுப்பினர்கள் இந்த அவையில் இருப்பதால் என் பரிந்துரைகளை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இந்த நடுத்தெருவுக்கு எந்தத் திட்டம் வந்தாலும், மதிப்பீடு தயாராகும் முன்பே அதன் வரைபடத்தைப் பகுதி சபாவில் வையுங்கள். 2022 நவம்பர் 1-இல் உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாகக் கூடிய சபைகள் அவை. ஆண்டுக்கு நாலு புகைப்படத்தோடு முடிந்துவிடாமல் அவற்றுக்கு வேலை கொடுங்கள். சொன்ன ஆட்சேபத்தையும், அதை ஏற்றதையோ ஏற்காததையோ, காரணத்தோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, தெருவோர வியாபாரிகளை வேலை தொடங்கும் முன்பே கணக்கெடுங்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். இடம் மாற்றுவது கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். மதுரைப் புது மண்டபத்தில் தலைமுறைகளாகத் தைத்துக்கொண்டும் புத்தகம் விற்றுக்கொண்டும் இருந்தவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனார்கள். மண்டபத்தைக் காப்பாற்ற அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் பழகிய இடத்தை எந்தச் சத்திரமும் கட்டிக்கொடுக்க முடியாது. பூக்காரம்மாவை நகர்த்தும் முன் இதை யோசியுங்கள்.

மூன்றாவது, பூமிக்கடி வேலை முழுவதும் முடிந்ததற்கு எல்லாத் துறையும் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் மேல்தளத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோராதீர்கள். அத்தோடு, ஒவ்வொரு வாசற்படியின் மட்டத்தையும் அளந்து, வேலைக்கு முன்னும் பின்னும் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு பள்ளி நோட்டு போதும். எந்தத் தணிக்கையிலும் அது நிற்கும்.

நான்காவது, வேலையைத் துண்டு துண்டாக நடத்துங்கள். முழுத் தெருவையும் ஒரே நாளில் தோண்டிப் போட்டுவிட்டு ஒப்பந்ததாரர் அடுத்த ஊருக்குப் போய்விட்டால், அந்த மாதங்களின் வியாபார நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது. கடைக்காரர் வீட்டுக் கணக்கில் மட்டும் ஏறும். தை பிறக்கும் முன் முடியவேண்டும் என்ற அவசரத்தை நிபந்தனையில் எழுதுங்கள், தரத்தில் காட்டாதீர்கள்.

ஐந்தாவது, பெரிய தொகை எங்கிருந்து வந்தாலும், இந்தத் தெருவின் பராமரிப்புக்கென்று உங்கள் சொந்தப் பொது நிதியில் தனித் தலைப்பு ஒன்றைத் தொடங்குங்கள். ஐம்பதாயிரத்தில் தொடங்கினாலும் சரி. மூலதனப் பணம் வரும் தீர்மானத்திலேயே, அதே பக்கத்தில், அடுத்த பத்தாண்டுக்கான பராமரிப்புக்கும் ஒப்புதல் வாங்குங்கள். இரண்டையும் ஒரே கூட்டத்தில் எழுதாத தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள். பொதுமக்களே, அப்படிக் கை தூக்கிய உறுப்பினரின் பெயரைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். தீர்மானப் புத்தகம் உங்களுடையது.

வருகிற கூட்டத்தின் பொருள்நிரலில் இந்த ஐந்தாவது வேண்டுகோள் ஒரு எண்ணோடு இடம்பெறுமானால், இந்த அறக்கட்டளை இன்று செய்த செலவுக்குத் தணிக்கைத் தடை வராது.